சிங்கப்பூர் – நியூயார்க்: தூரமும் பறக்கும் நேரமும் ஏன் ஒத்துவரவில்லை?

மீனாள்

என் தம்பி அடுத்த வாரம், டிசம்பர் முதல் வாரத்தில், சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் போகிறான். எவ்வளவு தூரம் என்று அம்மா கேட்டார். சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன். கோடு இலங்கை, ஏமன், சகாரா, அட்லாண்டிக் என்று போய் நியூயார்க்கைத் தொட்டது. படத்தின் அடியில் போட்டிருக்கும் அளவுப்படி 20,300 கிலோமீட்டர் வந்தது. இணையத்தில் தேடினால் 15,300 சொச்சம் என்கிறார்கள். ஐயாயிரம் கிலோமீட்டர் எங்கே போனது?

அடுத்த குழப்பம் நேரம். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்தால் 15,300-க்கு 17 மணி நேரம். பயணச்சீட்டிலோ 18 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. போதாததற்கு நள்ளிரவு 12:00-க்குக் கிளம்பி அதே நாள் காலை 5:40-க்கு இறங்குகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஐந்தே முக்கால் மணி நேரப் பயணம் என்று நிம்மதியாக இருக்கிறார். சரியாகப் புரிந்துகொண்டு அவரிடம் சொல்ல ஆசை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

கோணமானி

மீனாள், 20,300 என்ற எண்ணே தப்பு நடந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் பாதிச் சுற்றுக்கு மேல் போகத் தேவையே இல்லை. ஆகவே உலகத்தில் எந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஏறக்குறைய 20,000-க்கு மேல் தூரம் இருக்க முடியாது.

உங்கள் சுவரில் இருப்பது மெர்கேட்டர் படமாக இருக்கும். 1569-இல் மெர்கேட்டர் கப்பலோட்டிகளுக்காகச் செய்தது. திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டே போனால் கிடைக்கும் பாதை அந்தப் படத்தில் நேர்கோடாக விழும். அதற்காக நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார். நீங்கள் போட்ட கோட்டை உண்மையான உருண்டையில் வைத்து அளந்தால் சுமார் 18,500 கி.மீ. வரும். படம் இழுத்ததால் அது 20,300 ஆகத் தெரிந்தது. அந்த 18,500 கூடக் குறுக்குவழி இல்லை.

குறுக்குவழிக்கு மனக்கணக்கே போதும், இந்த இரண்டு ஊர்களும் அதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கின்றன. சிங்கப்பூரின் தீர்க்கரேகை கிழக்கே 104 பாகை. நியூயார்க் மேற்கே 73.8. கூட்டினால் கிட்டத்தட்ட 178. அதாவது வட துருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரே. அப்படியானால் மிகக் குறுகிய வழி துருவத்தை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.6 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் 49.4 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கிப் பாருங்கள்: 15,345.

தறிநூல்

கோணமானி சொன்னதைக் கையால் செய்து பார்க்கலாம் அக்கா. என்னிடம் 30 செ.மீ. விட்டமுள்ள குளோப் இருக்கிறது. அதன் சுற்றளவு 94 செ.மீ. சொச்சம், அதனால் 1 செ.மீ. என்பது 425 கி.மீ. ஒரு தையல் நூலைச் சிங்கப்பூரில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கி இழுத்தேன். முதலில் நூலை ஆப்பிரிக்கா வழியாகப் போட்டிருந்தேன். இறுக்கியதும் அது அங்கே நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு மேலே ஏறிச் சீனா, சைபீரியாவைக் கடந்து துருவத்துப் பித்தளைக் குமிழில் போய் முட்டி நின்றது. பேனாவால் புள்ளி வைத்து அளந்தேன். 36 செ.மீ. 36 × 425 = 15,300.

அம்மாவிடம் இதைச் செய்து காட்டுங்கள். நூல் தானாக மேலே ஏறுவதைப் பார்த்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

செழியன்77

தூரம் சரி. நேரத்துக்கு என் பதில்: பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது. நிலநடுக்கோட்டில் அதன் வேகம் மணிக்கு 1,670 கி.மீ. கிழக்கே போகும் விமானம் ஓடுகிற ஊரைத் துரத்துகிறது, மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் எதிரே வருகிறது. அதனால்தான் போக ஒரு நேரம், வர ஒரு நேரம்.

இயற்பியல்_வாத்தியார்

செழியன் தம்பி, நிறையப் பேர் இப்படி நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் விளக்கப்படி மேற்கே போவதுதான் வேகமாக இருக்க வேண்டும். நடப்பது தலைகீழ். நியூயார்க்கிலிருந்து கிழக்கே லண்டனுக்கு ஆறரை, ஏழு மணி நேரம். லண்டனிலிருந்து மேற்கே நியூயார்க்குக்கு ஏழரை, எட்டு.

விமானம் ரன்வேயில் நிற்கும்போதே பூமியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் சூழ்ந்திருக்கும் காற்றும் அப்படியே. ஓடுகிற ரயிலுக்குள் பெட்டியின் முன்பக்கம் நடந்தாலும் பின்பக்கம் நடந்தாலும் நம் நடைக்கு ஒரே நேரம்தான், ரயிலின் வேகம் அதில் சேராது.

ஆனால் பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லக் கூடாது. வெப்பமண்டலத்துக் காற்று சூடானது, துருவத்துக் காற்று குளிர்ந்தது. மேலே ஏறிய சூடான காற்று துருவத்தை நோக்கி நகரும்போது பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. அதனால் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓயாமல் ஓடும் காற்று ஆறு ஒன்று உண்டாகிறது. அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். விமானங்கள் பறப்பதும் அதே உயரம். குளிர்காலத்தில் வெப்ப வித்தியாசம் கூடுவதால் ஆற்றின் வேகமும் கூடும். மீனாளின் தம்பி டிசம்பரில் போகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழங்கணக்கு

வாத்தியார் ஐயா சொன்ன காற்றை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி. 1920-களில் டடெனோ என்ற இடத்திலிருந்து பலூன்களை விட்டு, அவை போகும் போக்கைக் கருவியால் தொடர்ந்து பார்த்துக் குறித்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று நினைத்து 1926-இல் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அது கவனிக்கப்படவில்லை. 1944-இல் ஜப்பான் மேலே பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் நேரடியாக மாட்டிக்கொண்டு தவித்தன.

ஓயிஷியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவ்வளவு பெரிய ஆறு, அதைக் கண்டவர் எழுதியும் வைத்தார், படிக்கத்தான் ஆளில்லை.

பழைய_டிஸ்பாட்சர்

நான் பல வருடம் விமானப் பாதை போடும் வேலையில் இருந்தவன். மீனாள் அம்மா கேட்ட 17 மணிக்கும் 18:40-க்கும் உள்ள இடைவெளியைச் சொல்கிறேன்.

முதலில் சின்ன விஷயம். பயணச்சீட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்தை விட்டு விமானம் அசைந்ததிலிருந்து போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை உள்ள நேரம். ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு ஊர்வது எல்லாம் அதற்குள் அடங்கும். அரை மணி, முக்கால் மணி இதிலேயே போய்விடும். தாமதமானால் சமாளிக்கக் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்து வைப்பார்கள். அப்புறம் ஏறும்போதும் இறங்கும்போதும் 900 கிடையாது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பெரும்பாலான இடங்களில் மணிக்கு 250 கடல் மைல்தான் வரம்பு, அதாவது 463 கி.மீ.

பெரிய விஷயம் இதுதான்: தரையில் உள்ள தூரத்தைப் பார்த்து நாங்கள் பாதை போடுவதில்லை. விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும் என்று பார்ப்போம். அதற்குக் காற்றுத்தூரம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையில் கிடைக்கும் வேகம் வேறு.

நியூயார்க்–லண்டன் 5,540 கி.மீ. வழி முழுக்க மேற்கிலிருந்து கிழக்கே மணிக்கு 150 கி.மீ. காற்று வீசுகிறது என்று வையுங்கள். கிழக்கே போகும்போது தரைவேகம் 1,050. நேரம் 5 மணி 17 நிமிடம். அதற்குள் விமானம் கடந்த காற்று 4,750 கி.மீ. மட்டும். திரும்பும்போது தரைவேகம் 750. நேரம் 7 மணி 23 நிமிடம், கடந்த காற்று 6,650 கி.மீ. தரையில் அதே 5,540. விமானத்துக்கும் அதன் எரிபொருளுக்கும் இவை இரண்டு வெவ்வேறு தூரங்கள்.

இராத்திரிப் பணியில் திரையில் இரண்டு பாதைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். இன்னொன்று வளைந்து ஆயிரம் கிலோமீட்டர் அதிகமாகக் காட்டும். கீழே எரிபொருள் வரியைப் பார்த்தால் வளைந்ததில் நாலைந்து டன் குறைவாக இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கணினி தப்பு செய்கிறது என்றே நினைப்பார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன்.

செழியன்77

வாத்தியார் ஐயா, ரயில் உதாரணம் புரிந்தது, நன்றி. டிஸ்பாட்சர் சார், ஒரு சந்தேகம். போகும்போது காற்று தள்ளுகிறது, வரும்போது தடுக்கிறது. போக வரக் கூட்டிப் பார்த்தால் சமமாகிவிடாதா?

பழைய_டிஸ்பாட்சர்

ஆகாது தம்பி. மேலே கொடுத்த எண்களையே கூட்டிப் பாருங்கள். 5:17 + 7:23 = 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லை என்றால் ஒரு வழிக்கு 6:09 வீதம் 12 மணி 19 நிமிடத்தில் முடிந்திருக்கும். 21 நிமிடம் நஷ்டம். தள்ளுகிற காற்றுக்குள் ஐந்தே கால் மணி நேரம்தான் இருந்தீர்கள், தடுக்கிற காற்றுக்குள் ஏழரை மணி நேரம் இருந்தீர்கள். தடுத்ததை அதிக நேரம் அனுபவித்ததால் கணக்கு சமமாகாது. அதனால்தான் வரும்போது காற்றை விட்டு விலகி வேறு பாதை போடுகிறோம். அட்லாண்டிக்கின் மேலே இந்தப் பாதைத் தொகுப்புகளை ஒவ்வொரு நாளும் காற்றைப் பார்த்துப் புதிதாக அறிவிப்பார்கள்.

நிலாமுற்றம்

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். அட்லாண்டிக் வழி 13,900 கி.மீ., பசிபிக் வழி 15,300 கி.மீ. 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பயணம் பதினாலரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. சராசரி போட்டால் மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது.

தறிநூல்

1,055 என்றால் ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறதே, விமானம் தாங்குமா?

ஜன்னலோரம்

நான் இதை என் கண்ணால் பார்த்துக் குழம்பியிருக்கிறேன். பசிபிக்கின் மேலே ஓர் இரவு. முன்சீட்டுத் திரையில் உயரம் 11,900 மீட்டர், வெளியே மைனஸ் 57 பாகை, தரைவேகம் 1,090, பின்காற்று 180 என்று ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையில் சின்ன அலைகூட இல்லை. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,062 கி.மீ. என்று பிறகு படித்தேன். தரையோடு ஒப்பிட்டால் ஒலியைத் தாண்டிவிட்டோம். ஆனால் சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் விமானத்தின் வேகம் 910, ஒலியின் வேகத்தில் 85, 86 சதவீதம். விமானத்தின் உடம்புக்குத் தெரிவது காற்று மட்டும்தான். காற்றே ஓடினால் அதற்குச் சுமை இல்லை.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போனது. நடுவில் தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அப்போதும் அது ஒலியை மீறவில்லை. உண்மையிலேயே ஒலியை மீறிப் பறந்த கான்கார்ட் அதே வழியை 1996-இல் 2 மணி 53 நிமிடத்தில் கடந்தது.

மீனாள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குளோப்பை வாங்கி அம்மாவோடு உட்கார்ந்து நூல் பிடித்தேன். துருவத்தில் போய் நின்றதும் அம்மா பயந்துவிட்டார். "அவ்வளவு குளிரிலா போகிறான்?" என்கிறார். விமானம் உண்மையிலேயே துருவத்தின் மேலே போகுமா?

பழைய_டிஸ்பாட்சர்

துருவம் வழியாகப் போகும் விமானங்கள் உண்டு. 1954-லேயே கோபன்ஹேகன்–லாஸ் ஏஞ்சல்ஸ் விமானம் ஆர்க்டிக் வழியாக ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி, வட பசிபிக்கில் ஜெட் ஸ்ட்ரீமைப் பிடித்துக்கொண்டு போகும். 16,000-க்கும் மேலே பறக்க வேண்டியிருக்கும், ஆனாலும் லாபம்.

நூலைப் போல நேராகப் போக விடாத காரணங்கள் இன்னும் இருக்கின்றன. விமான எரிபொருள் மைனஸ் 47 பாகையில் உறையத் தொடங்கும், அதனால் துருவப் பாதையில் அதன் வெப்பத்தைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். திபெத்தின் மேலே இன்னொரு சிக்கல். கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே பத்தாயிரம் அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே பதினைந்தாயிரம் அடியில் இருக்கிறது. அதனால் பெரும்பாலான விமானங்கள் சுற்றிக்கொண்டுதான் போகும்.

நாடுகள் கதவை மூடிவிட்டாலும் தூரம் மாறும். ஹெல்சிங்கி–டோக்கியோ ஒன்பதரை மணி நேரம் இருந்தது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு 13 மணி நேரம். இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

நிலாமுற்றம்

அம்மாவின் அந்த 5:40 குழப்பத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. டிசம்பரில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்னால். நள்ளிரவு 12-உடன் 18:40 கூட்டினால் சிங்கப்பூரில் மாலை 6:40. அதிலிருந்து 13 கழித்தால் காலை 5:40.

திரும்பி வரும்போதுதான் கவனம் வேண்டும். இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் கிளம்பினால் சிங்கப்பூரில் இறங்குவது இரண்டு நாள் தள்ளி அதிகாலையில். என் அத்தை திரும்பி வந்தபோது "மறுநாள் காலை" என்று நாங்களே எண்ணிக்கொண்டு ஒரு நாள் முன்னதாகப் போய்விட்டோம். அறிவிப்புப் பலகையில் விமானத்தின் பெயரே இல்லை. இரண்டு மணி நேரம் என்ன ஆனதோ என்று தவித்தோம். அவர் அப்போது நியூயார்க்கில் விமானமே ஏறியிருக்கவில்லை.

பழங்கணக்கு

அம்மாவின் பயத்துக்கு இதைச் சொல்லுங்கள். 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்குக் கேட்டலினா என்ற கடல் விமானங்கள் பறந்தன. 5,600 கி.மீ. சொச்சம். நடுவில் இறங்க இடமில்லை, எதிரி ஒட்டுக்கேட்பான் என்பதால் வானொலியில் பேசக் கூடாது, இரவில் நட்சத்திரம் பார்த்துத் திசை அறிய வேண்டும். பயணிகள் மூன்று பேருக்குத்தான் இடம். 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும், காற்று எதிர்த்த ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீண்டது. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயத்தைப் பார்ப்பார்கள், அதற்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

அவ்வளவு மெதுவான விமானத்துக்கு எதிர்க்காற்று எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். மணிக்கு 200 கி.மீ. போகும் விமானத்தை 40 கி.மீ. காற்று தடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

கோணமானி

இந்த வழிக்கு ஓடும் ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூர வகை) விமானத்தையும் சொல்ல வேண்டும். 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையில் 130 டன் வரை. விமானம் கிளம்பும்போது அதிகபட்ச எடையே 280 டன். ஏறக்குறைய பாதி எடை எரிபொருள்! முதல் பல மணி நேரம் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் எரிகிறது. எரிந்து இலேசாக ஆக, படிப்படியாக இன்னும் உயரே ஏறும். தம்பியிடம் திரையில் உயரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள், தெரியும்.

மீனாள்

தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். கோணமானி சொன்னபடி அவன் நாலு முறை திரையைப் படம் எடுத்து அனுப்பினான். உயரம் 9,400, 10,600, 11,300, கடைசியில் 12,500 மீட்டர். பாதை ஜப்பானுக்குக் கிழக்கே போய், அலாஸ்காவின் தெற்கே வளைந்து, கனடா வழியாக இறங்கியது. ஓரிடத்தில் தரைவேகம் 1,120.

மொத்தம் பறந்த தூரம் 16,600 கி.மீ. தரையை விட்டுத் தரையைத் தொடும் வரை 17 மணி 30 நிமிடம். டிஸ்பாட்சர் ஐயா சொன்ன காற்றுத்தூரத்தைக் கணக்குப் போட்டேன். ஏற்றம் இறக்கம் எல்லாம் சேர்த்துக் காற்றுக்குள் சராசரி 890 என்று எடுத்தால் 15,575 கி.மீ. தரையில் கடந்தது 16,600. மிச்சம் ஆயிரம் கிலோமீட்டரும் காற்று கொடுத்தது. சரிதானா ஐயா?

பழைய_டிஸ்பாட்சர்

சரிதான் அம்மா. நாங்கள் போட்டாலும் இதே கணக்குதான்.

மீனாள்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நூல் இன்னும் குளோப்பிலேயே இருக்கிறது. அவர் அதைத் துருவத்திலிருந்து கழற்றி, ஜப்பான் பக்கம் வளைத்து, அலாஸ்கா கீழே ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறார். தம்பி திரும்பி வரும் பாதைக்கு இன்னொரு நிறத்தில் நூல் வேண்டுமாம்.